பழைய ஜெர்மன் கூபே வண்டியும் வெள்ளிமலைப் பேருந்தும்

கூபே என்னும் சொல் நம் மாணாக்கர் பலர்க்கும் இரயில் வண்டியின் வாயிலாகவே அறிமுகமாகியிருக்கும். முதல் வகுப்புப் பெட்டியில் இருவர் மட்டுமே படுத்துச் செல்லுதற்குரிய சிற்றறைக்கு அப்பெயர் வழங்குகிறது. பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்கு ‘வெட்டப்பெற்றது’ என்பது பொருள். நால்வர் எதிரெதிராக அமரும் குதிரை வண்டியின் முற்பாதியை வெட்டிக் குறுக்கி இருவர்க்கென அமைத்த வண்டியே முதலில் அப்பெயர் பெற்றது. பின்னர் அது மோட்டார் வண்டிக்கும் வந்து, இரண்டு கதவும் தாழ்ந்த கூரையும் உடைய காரைக் குறிப்பதாயிற்று. அத்தகைய கார் ஒன்றைப் பற்றிக் கள்ளக்குறிச்சியில் இருந்துகொண்டு எழுதுவானேன் என்று நேயர்கள் வினவலாம். அவ்வினாவுக்கு விடை பையவே வரும்.

நான் கருதும் வண்டி, மெர்ஸிடிஸ் பென்ஸ் 280 சி.இ. என்பது. 1977-ஆம் ஆண்டு ஜெனீவா கண்காட்சியில் வெளிப்பட்டு, 1985 வரை செய்யப்பெற்ற கூபே வரிசையைச் சார்ந்தது. அதே குடும்பத்து நான்கு கதவு வண்டியினும் இதன் சக்கர இடைவெளி 85 மில்லிமீட்டர் குறைவு. முன் கதவுக்கும் பின் சாளரத்துக்கும் நடுவே தூண் கிடையாது. கண்ணாடி நான்கையும் இறக்கிவிட்டால் நம் ஊர்த் திண்ணையில் அமர்ந்தாற்போல் காற்று குறுக்கே பாயும். ஆறு உருளைகள் கொண்ட 2.8 லிட்டர் எஞ்ஜின். பிந்திய ஆண்டுகளில் அதன் ஆற்றல் 185 குதிரைத்திறன். இவ்வளவும் சொல்லியும் இஃது ஓர் ஓட்டப்பந்தய வண்டியன்று. விரைவுக்காக இதனை வாங்கினோர் ஏமாந்திருப்பர். நெடுந்தூரம் சென்று இறங்கியபின் முதுகு வலியாமை ஒன்றே இதன் பெருமை.

அப்பெருமையிற் பாதி இருக்கைக்கு உரியது. மறுபாதி தானியங்கிக் கியருக்கு உரியது. இக்கருவியின் உள்ளம் எளிது. எண்ணெய் நிறைந்த கலமொன்றினுள் இரண்டு விசிறிகள் எதிரெதிராக நிற்கின்றன. எஞ்ஜின் ஒன்றைச் சுழற்ற, அது எண்ணெயை வீசி மற்றொன்றைச் சுழற்றுகிறது. இடையில் நிற்கும் மூன்றாம் விசிறி, திரும்பிவரும் எண்ணெயின் போக்கை மாற்றி, புறப்படும் வேளையில் இழுவிசையைப் பெருக்குகிறது. இரும்பு இரும்பைத் தொடாமலே விசை கடந்து செல்கின்றமையின் கிளட்சு மிதி வேண்டுவதில்லை. இதனைக் கண்டவர் ஹெர்மன் ஃபெட்டிங்கர் என்னும் ஜெர்மானியப் பொறியறிஞர். அவர் 1905-இல் காப்புரிமை பெற்றது காருக்காக அன்று, கப்பலுக்காக. விரைந்து சுழலும் நீராவிச் சுழலியின் வேகத்தைக் குறைத்துக் கப்பலின் சுழல்தகட்டுக்குக் கொடுத்தல் எவ்வாறு என்பதே அவர் எண்ணிய எண்ணம். அமெரிக்கர் 1940-ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் எண்ணெய் இணைப்புடன் கூடிய தானியங்கிக் கியரைப் பெருவழக்காக்கினர். பென்ஸ் தொழிலகத்தார் தம் சொந்தத் தானியங்கியை 1961-இல் தந்தனர். நான் கூறும் கூபேயில் உள்ளது நான்கு கியர்த் தானியங்கி. மெல்ல மிதித்தால் பெரும்பாலும் இரண்டாம் கியரிலேயே புறப்பட்டுவிடும். முதற் கியரை அவசரத்துக்கென ஒதுக்கி வைத்திருக்கும். முதியோர் எழுந்திருப்பது போன்ற நிதானம் அது.

இனி நம் பாதைக்கு வருவோம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைக் கடந்து வெள்ளிமலைக்கு ஏறும் சாலையை அறிந்தவர் இங்குப் பலர். அரவைக் காலமாயின் மலையடிவாரம் வரையில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் முன்னே ஊர்ந்து செல்லும். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்க, வேறெவ்வாறு இருக்கும்? முந்திச் செல்ல வழியின்றி அவற்றின் பின்னே நிற்பதும் நகர்வதுமாகச் செல்கையில், கிளட்சு வண்டியோட்டியின் இடக்கால் படும் பாட்டை அவரே அறிவார். அணை கடந்த பின்னர்க் கொண்டையூசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் காலால் மிதித்து, கையால் கியரை இறக்கி, மறுகையால் வளைத்து, எதிரே வருவது யாதென்று கண்ணால் நோக்கவும் வேண்டும். தானியங்கி வண்டியிலோ இரு கையும் சக்கரத்தின்மேல் இருக்கும். கண் பாதைமேல் இருக்கும்.

ஒரு குறையையும் மறையாது சொல்லல் வேண்டும். இறக்கத்தில் எண்ணெய்வழி இணைப்பு எஞ்ஜினின் தடுப்பு விசையைச் சற்றே நழுவவிடும். ஆதலின் மலையிறங்குவோர் நெம்புகோலைத் தாழ்ந்த கியருக்கு இழுத்து வைத்தல் இன்றியமையாதது. அதை மறந்து பிரேக்கையே நம்பி வந்தால் அடிவாரம் சேர்வதற்குள் பிரேக்குக் கட்டைகள் காய்ந்து நாறும். தானியங்கி என்பதால் ஓட்டுநர் உறங்கலாம் என்று பொருளன்று.

பென்ஸ் பொறியறிஞர்கள் இவ்வசதிகளை ஆடம்பரமாகக் கருதவில்லை என்பதே இங்கு என் கருத்தைக் கவர்ந்த செய்தி. மோதியபின் உயிர் காத்தல் ஒரு வகைப் பாதுகாப்பு. அவ்வகையில் மோதலின் விசையைத் தான் நசுங்கி ஏற்கும் முன்பின் பகுதிகளை வகுத்த பேலா பாரெனி அவர்களிடம் பணியாற்றியவரே. மோதாமற் காத்தல் மற்றொரு வகை. ஓட்டுநரைக் களைப்படையச் செய்யும் வெப்பம், இரைச்சல், கரடுமுரடான இருக்கை, ஓயாத கைகால் உழைப்பு ஆகியவற்றை நீக்குதலும் இவ்விரண்டாம் வகையிற் சேரும் என்று அவர்கள் கணக்கிட்டனர். சௌகரியம் அவர்களுக்குப் பாதுகாப்பின் ஓர் உறுப்பு. இக்கணக்கு மெய்யாயின் அது முதலில் யாருக்குப் பொருந்த வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை மாலை இன்பமாக உலாவச் செல்லும் செல்வருக்கா? அறுபது உயிரைப் பின்னே வைத்துக்கொண்டு நாள்தோறும் இம்மலையை ஏறியிறங்கும் பேருந்து ஓட்டுநருக்கன்றோ?

பென்ஸ் என்னும் பெயரை இந்நாட்டு மக்கள் அறிந்ததே காரினால் அன்று. 1954 முதல் 1969 வரை டாட்டா தொழிலகத்தார் ஜெர்மானியரோடு உடன்படிக்கை செய்துகொண்டு ஜாம்ஷெட்பூரில் லாரிகளும் பேருந்து அடிச்சட்டங்களும் செய்தனர். அவற்றின் நெற்றியில் மும்முனை நட்சத்திரம் இருந்தது. ‘பென்ஸ் லாரி’ என்று நம் முதியோர் சொல்லுவது அதனையே. நட்சத்திரம் வந்தது; இருக்கையும் தானியங்கியும் வரவில்லை. அன்றைய வறுமையில் அது பிழையென்று நான் கூறேன். லாரி ஓடினாற் போதும் என்றிருந்த காலம் அது. ஆனால் அக்காலம் போய் அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. ஜெர்மன் வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு தாழ்தளப் பேருந்துகள் 2024-இல் சென்னையில் ஓடத் தொடங்கின. நிறுத்தத்தில் ஒருபுறம் தாழ்ந்து முதியோரையும் ஊன்றுகோலுடையாரையும் ஏற்றுகின்றன. நன்று. நகரத்துக்கு வந்தது மலைக்கு எப்போது வரும்?

வெள்ளிமலைப் பாதைக்குத் தாழ்தளம் ஒவ்வாது. வளைவிலும் மேட்டிலும் அடிவயிறு உரசும். அதனை நான் கேட்கவில்லை. தானியங்கிக் கியரும், நல்லதோர் ஓட்டுநர் இருக்கையும், எண்ணெய்த் தடுப்பானும் கேட்கிறேன். இத்தடுப்பான் ஃபெட்டிங்கரின் அதே விசிறிக் கலமே; ஒரு விசிறியைச் சுழலவொட்டாது நிறுத்தி வைத்தால் எண்ணெய் வண்டியை ஓட்டுவதற்கு மாறாக அடக்குகிறது. பிரேக்குக் கட்டை தேயாமல் நீண்ட இறக்கத்தை இறங்கலாம். ஜெர்மனியில் ஃபோய்த் தொழிலகம் இதனை லாரிக்கும் பேருந்துக்கும் செய்து தருகிறது. விலை மிகும் என்பர். பழுதுபார்க்கக் கற்றவர் இல்லை என்பர். பின்னது எளிதில் தீரும், கற்பித்தால் கற்பர். முன்னதற்கு விடை, மலைவழி வண்டிகளின் தொகை சிறிதென்பதே.

கல்வராயன் மலையில் 1976 வரை ஜாகீர்தார்களின் ஆட்சியே நடந்தது என்பதையும் இங்கு நினைத்தல் வேண்டும். உட்கிராமங்கள் பலவற்றுக்குப் பாதை வெகு தாமதமாகவே வந்தது. அவர்களுக்குப் பேருந்தே பெரிது, அதிற் சௌகரியம் எதற்கு என்று பேசுவாரும் உளர். தாமதமாகக் கொடுத்ததைத் தாழ்வாகவும் கொடுக்கலாம் என்னும் இவ்வாதம் எனக்கு விளங்கவில்லை.

அந்தப் பழைய கூபேயின் கதி என்னாயிற்று? அக்காலத்தில் அயல்நாட்டுக் கார் இந்நாட்டுக்கு வருதல் அரிது. தூதரகத்தார் விட்டுச் செல்பவற்றை ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் விற்கும். வெளிநாட்டில் வாழ்ந்து திரும்புவோர் சிலர் கொணர்வர். எஞ்சியிருப்பவை சிலவே. அவற்றின் கதவுப் பூட்டு முதல் கியர் மாற்றத்தின் மென்மை வரை வெற்றிடக் குழாய்களால் நடப்பவை. நாற்பதாண்டு ரப்பர் நம் வெயிலில் வெடித்துவிட்டாற் கியர் முரட்டுத்தனமாக விழும். பெட்ரோலும் மிகுதியாகக் குடிக்கும், புகையும் புதிய வண்டியினும் மிகுதி. எனவே இவற்றுக்குக் கட்டணம் விதித்தலை நான் எதிர்க்கவில்லை. விதிக்கும் முறையை எதிர்க்கிறேன். 2025 ஆகஸ்டு முதல், இருபதாண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 10,000 ரூபாய். அதுவே இறக்குமதிக் காராயின் 80,000 ரூபாய். கள்ளக்குறிச்சிப் புகைக்கும் ஸ்டுட்கார்ட் புகைக்கும் எட்டு மடங்கு வேற்றுமை உண்டோ? பிறந்த ஊரைப் பார்த்து வரி விதித்தல் அறிவியலன்று. 2021-இன் விதிப்படி ஐம்பதாண்டு நிரம்பிய வண்டிக்குத் தொன்மை வண்டி என்னும் தனிப்பதிவு உண்டு. ஆயின் கண்காட்சிக்கும் பழவண்டி ஊர்வலத்துக்கும் அன்றி அதை அன்றாடம் ஓட்டலாகாது. ஜெர்மனியிலோ 1997 முதல், முப்பதாண்டு நிரம்பி, நன்னிலையில் உளதெனச் சோதித்துச் சான்று பெற்ற வண்டிக்குத் தனிப்பலகை தருகிறார்கள். அதனை நாளும் ஓட்டலாம். நாமும் முப்பதாண்டு என்று வைத்து, புகைச் சோதனையையும் வண்டியின் நிலையையும் அளவுகோலாக்கி, ஆண்டுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரையறுத்துவிட்டால், பழுதுபார்க்கும் கைத்திறனும் அழியாது, ஊர்க்காற்றும் பெரிதும் கெடாது.

அவ்வரிசையில் முதல் ஆண்டில் செய்யப்பெற்ற வண்டிகள் 2027-இலும், கடைசி ஆண்டினவை 2035-இலும் ஐம்பதாண்டை எட்டும். அதற்குள் எத்தனை வண்டிகள் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும் என்பது, விதி எழுதுவோர் மேற்சொன்ன எட்டு மடங்கை எத்தனை விரைவில் திருத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது.