சாட்சிக் கையெழுத்து

மாடி வீட்டில் ஒரு பெண்ணைப் போட்டு அடிக்கிற சத்தம் கேட்டது. கீழ் அறையில் மாணவர்கள் நாங்கள் நாலு பேர் இருந்தோம். பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தோம். அன்னிக்குச் சாயந்தரம்தான் மேலவளவு முருகேசன் நினைவு நாளுக்குப் போஸ்டர் ஒட்டிவிட்டு வந்திருந்தோம். கையில் பசைகூடக் காயலை. இது நடந்தது 2014இல்.

அடித்தவன் எங்க தோழன். அடிபட்டவள் அவனை நம்பிச் சாதியை உதறிவிட்டு வந்தவள். அவர்கள் கல்யாணத்துக்குப் பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட மூணு பேரில் நானும் ஒருத்தன். பெண் வீட்டார் அரிவாளோடு வருவார்கள் என்று ரெண்டு ராத்திரி முறைபோட்டுக் காவல் இருந்தவர்கள்தான் நாங்கள்.

மறுநாள் தண்ணி பிடிக்க இறங்கி வந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. "ராத்திரி பாட்டு நல்லா இருந்துச்சுண்ணே" என்றாள்.

ஏன் போகவில்லை? 'புருசன் பொண்டாட்டி விசயம்' என்றான் ஒருத்தன். தனிக்குவளையைக் கேட்டால் 'எங்க ஊர் வழக்கம்' என்பானே ஆதிக்க சாதிக்காரன், அதே பேச்சு. அவனுக்குப் பதில் சொல்லத் தெரிந்த எங்களுக்கு இதற்குத் தெரியவில்லை.

ரெண்டாவது சாக்கு கொஞ்சம் கனமானது. 'வெளியே தெரிஞ்சா நாடகக் காதல்னு கத்துறவனுக்கு நாமே மைக் பிடிச்ச மாதிரி ஆயிடும்.' 2012 நவம்பரில் தர்மபுரி நத்தம் காலனி எரிந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்தப் பயத்துக்கு விலை கொடுத்தது யார்? அவள். இயக்கத்தின் மானத்தை அவள் முதுகில் ஏற்றி வைத்தோம். திரும்பிப் போக அவளுக்குத் தாய்வீடு கிடையாது. அது அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் கை நீண்டது. பெண்டாட்டியை அடிப்பது ஏதோ சேரிக்காரன் புத்தி என்று எவனாவது சொன்னால், 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைக் காட்டலாம். தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்கள் 100க்கு 38 பேர் புருசனின் வன்முறைக்கு ஆளானவர்கள். இதில் எல்லாச் சாதி வீடும் உண்டு.

மூணாவது, போலீஸ். 'ஸ்டேசனுக்குப் போனா நம்ம பையன் எலும்பை எண்ணிடுவான்.' இதை நான் கேலி செய்ய மாட்டேன், லத்தி எந்தத் தெருக்காரன்மேல் முதலில் விழும் என்று தெரியும். ஆனால் ஸ்டேசன் மட்டுமே வழி என்று யார் சொன்னது? 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில், அடிபட்டவள்தான் வரணும் என்றில்லை. பக்கத்து அறைக்காரன்கூடப் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தில் சொன்னவன்மேல் வழக்குப் போட முடியாது. தாலி கட்டாமல் சேர்ந்து வாழ்கிறவளுக்கும் இது பொருந்தும். 'அடிக்காதே, கிட்டே வராதே' என்று நீதிமன்றம் ஆணை போடும். அதை மீறினால்தான் இந்தச் சட்டப்படி குற்றவழக்கு. எங்கள் நாலு பேரில் ஒருத்தன் சட்டக் கல்லூரி. அவனுக்கே அப்போது இது தெரியாது.

போன வருசம் ஒரு வாசிப்பு வட்டத்தில் கேட்டேன். பஸ்ஸில் எவனோ பொண்டாட்டியை அடித்தால் தட்டிக் கேட்பீர்களா? எல்லாக் கையும் உயர்ந்தது. உங்க அறைத் தோழன் அடித்தால்? 'பேசிப் பார்ப்போம் தோழர்.' மேடையில் பேசுகிற அண்ணன் அடித்தால்? ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. பின்வரிசையில் இருந்த ரெண்டு பெண் தோழர்கள் மட்டும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

எங்க அறைச் சுவரிலும் அம்பேத்கர் படம் இருந்தது. 1942 ஜூலையில் நாக்பூர் பெண்கள் மாநாட்டில், மனைவி கணவனுக்குச் சமமான தோழி, அடிமையாக இருக்க மறுக்க வேண்டும் என்று பேசியவர் அவர். மாலை மட்டும் தவறாமல் போட்டோம்.

கதவைத் தட்ட வீரம் ஒன்றும் வேண்டாம். தீப்பெட்டி இருக்கா என்று கேட்டாலே ஓங்கின கை இறங்கும். அப்புறம் பஞ்சாயத்து வைத்து ரெண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைக்காதீர்கள்; 'வெளியே சொல்லிட்டியா'ன்னு அன்னிக்கு ராத்திரி இன்னும் நாலு அடி விழும். தனியாக இருக்கும்போது அவளிடம் கேளுங்கள், என்ன செய்யணும் என்று. தங்க இடமா, வண்டிக்காசா, 181க்குப் போனா, அவளே சொல்லட்டும்.

அடுத்த வாரம் இன்னொரு பதிவுத் திருமணம். சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். போவேன். என் செல் நம்பரையும் பாதுகாப்பு அலுவலர் நம்பரையும் ஒரே தாளில் எழுதிப் பெண்ணிடம் கொடுக்கப் போகிறேன், மாப்பிள்ளை எதிரிலேயே.