கார் ஏ.சி.யில் சத்தமா? "கம்பிரசர் போச்சு" என்றதும் பணத்தை எடுக்கலாமா?

முகூர்த்த சீசன் வந்து விட்டால் காஞ்சீபுரம் காந்தி ரோட்டில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. கல்யாணப் பட்டு எடுக்கக் கடைக்குள் போன குடும்பம் திரும்பி வர இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். பாட்டியும் கைக்குழந்தையும் காரிலேயே இருப்பார்கள். டிரைவர் என்ஜினை அணைக்க முடியாது. ஏ.சி. ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்த நேரம் பார்த்து பானெட்டுக்குள் "கடகட" என்று சத்தம் கிளம்பினால் டிரைவரின் முகம் செத்து விடுகிறது. சாயங்காலம் சென்னைக்கு 75 கிலோ மீட்டர் திரும்பியாக வேண்டும். ஏ.சி. இல்லை என்றால் வாடகையில் பிடித்துக்கொள்வார்கள்.

ஒர்க்ஷாப்புக்கு ஓடுகிறார். அங்குள்ள பையன் காதை வைத்துக் கேட்கிறான். "அண்ணே, கம்பிரசர் போச்சு. மாத்திட வேண்டியதுதான்" என்கிறான். அரை நிமிடத்தில் தீர்ப்பு! பல ஆயிரம் ரூபாய் செலவு. வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்கு அது வண்டித் தவணைப் பணம்.

பையன் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் விசாரிக்காமல் தீர்ப்பு சொல்வது என்ன நியாயம்? ஒரு இழை அறுந்ததற்காகப் பாவு முழுவதையும் அறுத்தெறியும் நெசவாளி இந்த ஊரில் உண்டா?

அணைத்துப் பாருங்கள்

என்ஜின் ஓடும்போது ஏ.சி. சுவிட்சை மட்டும் அணைத்துப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் முதல் சோதனை. கம்பிரசரின் முன்னால் உள்ள புல்லி, ஏ.சி. போட்டாலும் போடாவிட்டாலும் பெல்ட்டோடு சுற்றும். ஏ.சி. போட்டால்தான் காந்த கிளட்ச் "டக்" என்று ஒட்டி, உள்பாகங்கள் ஓடும். பெரும்பாலான கார்களில் இதுதான் ஏற்பாடு.

அணைத்த பிறகும் "கர்ர்" என்று இரைந்தால் புல்லி பேரிங் மேல் சந்தேகப்பட வேண்டும். அல்லது பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனராக இருக்கும். பல கார்களில் கேசை வெளியேற்றாமலே பேரிங்கை மாற்றி விடலாம். புதுக் கம்பிரசர் விலையில் அது சிறு பங்குதான். "கீச்" என்று கத்தினால் பெரும்பாலும் பெல்ட்தான்.

ஏ.சி. போட்டால் மட்டும் சத்தமா? கிளட்ச் தட்டு தேய்ந்து வழுக்கலாம். கம்பிரசரைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்திருக்கலாம். கேஸ் கூடினாலும் அது முனகும். பிரஷர் கேஜ் மாட்டி இரண்டு பக்கமும் பார்த்தால் தெரிந்து விடும். இதே மாவட்டத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் தயாராகிறது. கார் செய்யும் மாவட்டத்தில் கேஜ் மாட்டிப் பார்க்கக் கூடவா நேரமில்லை?

டிரைவர் மேலும் தப்பு

மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. "சீக்கிரம் முடிப்பா, சவாரி இருக்கு" என்று விரட்டுபவர் டிரைவர்தான். வருஷா வருஷம் கோடையில் "கேஸ் மட்டும் அடிச்சு விடு" என்பவரும் அவரே. கேஸ் தானாகத் தீர்ந்து போகிற பொருள் அல்ல. குறைந்தால் எங்கோ கசிகிறது. கம்பிரசருக்கு வேண்டிய எண்ணெயும் கேசோடுதான் சுற்றி வருகிறது. கசிவை அடைக்காமல் ஓட்டினால் எண்ணெய் வற்றி, உள்ளே உரசி, கடைசியில் அந்தப் பெரிய செலவு உண்மையாகவே வந்து விடும்.

சத்தத்தோடு ஓட்டிக்கொண்டே போவதும் ஆகாது. கம்பிரசர் இறுகி பெல்ட் அறுந்தால், பல கார்களில் பேட்டரி சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரும் அதோடு நின்று விடும். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி நடுரோட்டில் கல்யாண கோஷ்டியோடு நிற்க வேண்டியதுதான். (மின்சாரக் கார், ஹைபிரிட் கார் என்றால் கை வைக்கவே கூடாது. அதில் கம்பிரசருக்கு ஆளைக் கொல்லும் மின்சாரம் போகிறது.)

உள்ளே உடைந்தே விட்டது என்றால் மாற்றத்தான் வேண்டும். அப்போது பைப்புகளைச் சுத்தம் செய்து, டிரையரையும் புதிதாகப் போட வேண்டும். இல்லாவிட்டால் பழைய உலோகத் தூள் புதுக் கம்பிரசரையும் தின்று விடும். கேசைக் காற்றில் "புஸ்" என்று திறந்து விடுவதும் கூடாது. கார்களில் பரவலாக உள்ள ஆர்-134ஏ கேஸ், கரியமில வாயுவை விட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். அதைப் பிடித்து வைக்க மெஷின் இருக்கிறது.

கழற்றிய பழைய கம்பிரசரை டிரைவர் கேட்டு வாங்க வேண்டும். அதன் எண்ணெயை ஒரு வெள்ளைத் துணியில் கொட்டிப் பார்க்கட்டும். கறுத்து, தூள் மின்னினால் மெக்கானிக் சொன்னது சரி. எண்ணெய் தெளிவாக இருந்து, புல்லி மட்டும் கரகரத்தால், "எதுக்கு தம்பி இதை மாத்தினே?" என்று அங்கேயே நின்று கேட்கலாம்.