கறுத்த அந்துப்பூச்சியும் சிரிக்கும் ஆந்தையும்

எங்கள் கூட்டங்களில் கூர்ப்புக் கொள்கை படுகிற பாடு சொல்லி மாளாது. பிரித்தானியாவின் மிளகு அந்துப்பூச்சி, புகை படிந்த மரங்களுக்கேற்பத் தன் நிறத்தை மாற்றிப் பிழைத்துக்கொண்டதாம். நியூசிலாந்தின் சிரிக்கும் ஆந்தை மாறத் தெரியாமல் அழிந்ததாம். ஆகவே அகதிகளே, மாறுங்கள்!

விலங்கியலைப் பாதியில் விட்டுவந்து கோப்பை கழுவுகிறவனுக்கே இது புளுகென்று தெரிகிறது.

சிறகு முளைத்த எந்த அந்துப்பூச்சியும் நிறம் மாறவில்லை. 1848 இல் மன்செஸ்ரரில் கறுத்த பூச்சியொன்று பிடிபட்டது. 1895 அளவில் அங்கே 98 வீதமானவை கறுப்பு. இடையில் நடந்ததென்ன? கரி படிந்த மரங்களில் எடுப்பாகத் தெரிந்த வெளிறிய பூச்சிகளைப் பறவைகள் கொத்தித் தின்றன. கறுப்பாகவே பிறந்தவை தப்பிப் பெருகின. இதற்குப் பெயர் இயற்கைத் தேர்வு. தின்னப்பட்டவற்றை மறைத்து, எஞ்சியவற்றை மட்டும் மேடையேற்றி 'பார், மாறிவிட்டது' என்கிறார்கள். இதே கணக்கில்தான், வழக்குத் தள்ளுபடியாகித் திருப்பி அனுப்பப்பட்டவனும் 'மாறத் தெரியாதவன்' ஆகிறான்.

1956 இல் பிரித்தானியா தூய காற்றுச் சட்டம் கொண்டுவந்தது. புகை குறையக் குறைய வெளிறியவை மறுபடி பெருகின. இன்று கறுப்புத்தான் அரிது. பூச்சிக்கு யாரும் புத்தி சொல்லவில்லை, சட்டம் போட்டது புகைபோக்கிக்கு.

ஆந்தைக்கு வருவோம். பொலினீசியர்களுடன் வந்த எலி அத்தீவுகளில் பரவியபோது, அந்த எலியையே பிடித்துத் தின்னப் பழகிய பறவை அது. இசைவாக்கம் என்றால் வேறென்ன? பல நூற்றாண்டுகள் அப்படியே வாழ்ந்தது. பிறகு ஐரோப்பியக் குடியேறிகள் வேட்டைக்கும் இறைச்சிக்குமாக முயலை இறக்கினார்கள். முயல் பெருகிச் செம்மறிகளின் புல்லைத் தின்றது. முயலை ஒழிக்கவென்று 1880 களில் ஸ்ரோட், வீசல், பெரெற் என்று கீரி போன்ற வேட்டை விலங்குகளைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து விட்டார்கள். அரசாங்கமே முன்னின்று செய்த அலுவல். அவற்றுக்கு முயலைவிடப் பறவை சுலபமாக அகப்பட்டது. பாறை இடுக்கில், நிலத்தோடு நிலமாக இரண்டு முட்டை இடும் ஆந்தை எங்கே ஓடும்? பூனைகளும், மேய்ச்சலுக்காகக் கொளுத்தப்பட்ட நிலமும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. உறுதியாகப் பதிவான கடைசி ஆந்தை 1914 இல் தென்தீவின் கன்ரபெரியில் செத்துக் கிடந்தது.

முப்பது சொச்சம் வருடம்! அதற்குள் அது எதாக மாறியிருக்க வேண்டும் என்கிறார்கள்?

அடுத்த கூட்டத்துக்குப் பூச்சியை அழைத்து வருகிறவர், பறவைகள் தின்றவற்றின் கணக்கையும் கையோடு கொண்டு வரட்டும். ஸ்ரோட்டை இறக்கிய கப்பலையும் மறக்க வேண்டாம்.