திருப்தி என்னும் பொய்க்கணக்கு

வீடு திரும்பும் நாளில், கையில் குழந்தையோடு நிற்கும் பெண்ணிடம் ‘பிரசவக் கவனிப்பில் திருப்தியா?’ என்று கேட்கிறார்கள். அருகில் அதே செவிலியர். டிஸ்சார்ஜ் சீட்டில் இன்னும் கையெழுத்தாகவில்லை. அப்பெண் வேறென்ன சொல்வார்? ‘திருப்தி’ என்கிறார். அந்த ஒற்றைச் சொல் விழுக்காடாகி, அட்டவணையாகி, ஆய்வேட்டின் முடிவுரையும் ஆகிவிடுகிறது.

மைசூருவின் செலுவாம்பா அரசு மருத்துவமனை போன்ற இடங்களுக்கு மண்டியா, சாமராஜநகர், குடகு மாவட்டப் பெண்களும் வந்து சேர்கிறார்கள். அத்தகைய பெருமருத்துவமனைக்கு வரும் ஏழைப் பெண்ணின் எதிர்பார்ப்பு ஒன்றே: தாயும் சேயும் உயிரோடு திரும்ப வேண்டும். அது நிறைவேறிவிட்டால் வசவும் அதட்டலும் அவர் கணக்கில் ஏறுவதில்லை. எதிர்பார்ப்பு தாழ்ந்த இடத்தில் திருப்தி உயர்ந்துதான் நிற்கும். அதைப் பராமரிப்பின் தரமென்று எழுதுவது ஆய்வன்று, ஏமாற்று.

ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) கர்நாடகத்தில் 97 விழுக்காட்டுப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நிகழ்கின்றன. பெருஞ்சாதனைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் 2022 நவம்பரில் தும்கூரில், தாய் அட்டை இல்லையென்று மாவட்ட மருத்துவமனையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டதாகச் செய்திகள் கூறிய தமிழ்ப்பெண் ஒருவர், இரட்டைக் குழந்தைகளோடு வீட்டிலேயே உயிரிழந்தார். வார்டுக்குள் நுழையவே முடியாதவரை எந்தத் திருப்திப் படிவம் எண்ணும்?

அதே தும்கூர் மாவட்டத்துப் பாவகடாவில்தான் சூலகித்தி நரசம்மா வாழ்ந்தார். (சூலகித்தி என்றால் கன்னடத்தில் மருத்துவச்சி.) 15,000-க்கும் மேற்பட்ட பிரசவங்களைக் கட்டணமின்றிப் பார்த்தவர், 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். அதே ஆண்டில் ஒன்றிய அரசு மருத்துவச்சிப் பணிக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது: செவிலியருக்கு 18 மாதத் தனிப்பயிற்சி, இயல்பான பிரசவத்தைத் தாமே நடத்தும் பொறுப்பு. ஒரே நேரத்தில் பல பெண்களைக் கவனிக்க நேரும் செவிலியர் எரிந்து விழுவதில் அவர் குற்றம் பாதிதான். போதிய மருத்துவச்சிகளை நியமிக்காதவர்களைக் குறித்து அந்தப் படிவங்களில் ஒரு வரியும் இல்லை.

கேட்க வேண்டியவை வேறு. உடனிருக்க ஒருவரை அனுமதித்தார்களா? (2016-லேயே ஒன்றிய அரசு இதற்கு இசைந்துவிட்டது.) வலியின்போது நடமாட விட்டார்களா? வயிற்றை அழுத்தினார்களா? கத்தரிக்குமுன் ஒப்புதல் கேட்டார்களா? கையை ஓங்கினார்களா? இவற்றுள் பெரும்பாலானவை உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைகளாக வகுத்தவையே. இவற்றுக்கு ‘ஆம்’, ‘இல்லை’ என்றே விடை சொல்லலாம், நன்றியுணர்வு குறுக்கிடாது. கேட்கும் இடமும் வார்டாக இருக்கக்கூடாது. ஆறு வாரங்கள் கழித்து, அவர் தாய்வீட்டுத் திண்ணையில், கன்னடமோ உருதோ தமிழோ அவர் பேசும் மொழியில் கேட்கட்டும்.