“நிறுத்து!” என்று சொல்லும் உத்தியோகம்

ஊர்காவற்றுறையைச் சேர்ந்த அன்னையார் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியுள்ளார். அவருடைய மகன் கனடாவில் படிக்கின்றான். சனிக்கிழமை தோறும் அவ்வூர்த் துவக்குக் கழகம் ஒன்றின் சுடுகளத்திற்குச் சென்று, ஊதியம் எதுவும் பெறாது ‘பாதுகாப்பு உத்தியோகத்தர்’ என்ற தொண்டைச் செய்து வருகின்றானாம். “துவக்குச் சத்தம் கேட்டு ஓடி ஓடியே வயது போன குடும்பம் எங்களுடையது. கடல் கடந்து போன பிள்ளை தேடிப்போய் நிற்பதற்கு வேறு இடம் கிடைக்கவில்லையா? அங்கே இவனுக்கு என்னதான் வேலை?” என்று கேட்கின்றார் அவர்.

அன்னையாரின் கோபத்தை நாம் எளிதில் ஒதுக்கிவிட இயலாது. 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகிலே நிகழ்ந்த படுகொலையைத் தீவகத்தார் எவரும் மறந்திலர். 1990ஆம், 1991ஆம் ஆண்டுகளில் வீடும் வளவும் விட்டுப் பெருந்தொகையாக வெளியேறியவர்களும் இவர்களே. போர் 2009இல் முடிந்தது. ஆயினும் கோயில் வெடிச் சத்தத்துக்கே திடுக்கிட்டு எழும் முதியவர்கள் நம் வீடுகளில் இன்றும் உள்ளனர். அத்தகைய வீட்டில் ‘துவக்கு’ என்பது விளையாட்டுப் பொருளின் பெயர் அன்று. எனவே, அன்னையார் கேட்ட இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை கூறுவோம். அங்கே அவனுக்கு என்ன வேலை?

சுடுகளம் என்பது குறிபார்த்துச் சுடப் பழகும் திடல். ஒரு புறம் சுடுவோர் வரிசையாக நிற்கும் கோடு. எதிர்ப்புறம் இலக்குத் தாள்கள். அவற்றின் பின்னே சன்னங்களை வாங்கிக்கொள்ளும் உயர்ந்த மண் அணை. ஒலிம்பிக் போட்டிகளில் 10, 25, 50 மீற்றர் என்னும் தூரங்களிலிருந்து இலக்குகளைச் சுடுவர். ஐம்பது மீற்றர் என்பது நம் கிணற்றடியிலிருந்து படலை வரையுள்ள தூரமளவே. அவ்வளவு சிறு தூரத்துக்கு எதற்கு இவ்வளவு பெரிய மண் மேடு என்று மாணவர்கள் வினவக்கூடும். அப்போட்டிக்கு உதவும் மிகச் சிறிய ரவையும், தடையின்றிச் சென்றால், ஒரு மைலுக்கு அப்பாலும் பாயும். அந்த ஒரு மைலுக்குள்ளே யார் மாடு மேய்க்கின்றார், யார் வலை இழுக்கின்றார் என்பதைச் சன்னம் அறியாது.

கடலோரத்தார்க்கு விளங்கும் உதாரணம் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் தென்கரையிலே ஹைத், லிட் என்னும் இடங்களில் இராணுவச் சுடுகளங்கள் கடலை அடுத்தே அமைந்துள்ளன. சுடும் பொழுது பகலில் செங்கொடி ஏற்றுவர். இரவில் செவ்விளக்கு இடுவர். கொடி பறக்கும்வரை கரையில் நடப்போரும் அப்பக்கம் போகலாகாது. சிறு கழகங்களின் களங்களிலும் இவ்வழக்கம் உண்டு. அக்கொடியை ஏற்றுவதும், வேலை முடிந்தபின் மறவாது இறக்குவதும் பாதுகாப்பு உத்தியோகத்தரின் பொறுப்பில் உள்ளவை.

இனி அவருடைய முதன்மையான வேலைக்கு வருவோம். அவர் சுடுவதில்லை. சுடுவோர் அனைவரும் இலக்கைப் பார்க்க, அவர் ஒருவர் மட்டும் சுடுவோரைப் பார்த்து நிற்கின்றார். எவர் கை விசையில் இருக்கின்றது, எவர் குழல் பக்கவாட்டில் திரும்புகின்றது, புதிதாக வந்த பையன் யாரிடமோ பேசுவதற்காகத் துவக்கோடு உடம்பைத் திருப்புகின்றானா என்பவையே அவர் கண்ணுக்கு இலக்கு. அவர் சொன்ன பின்னரே ரவை இடலாம். அவர் சொன்ன பின்னரே சுடலாம். “நிறுத்து!” என்றால் விரல் அந்தக் கணமே விசையை விட்டு விலகவேண்டும். அதன்பின் ஒவ்வொருவரும் ரவைக்கூட்டைக் கழற்றி, ரவை அமரும் அறையைத் திறந்து காட்டவேண்டும். வெறுமை என்பதை அவர் கண்ணால் கண்ட பின்னர், பளிச்சென்ற நிறமுடைய ஒரு சிறு கொடியை அவ்வறையினுள் செருகி வைப்பர். அக்கொடி வெளியே தெரியும் துவக்கு சுடமாட்டாத துவக்கு என்பது தூரத்தில் நிற்பவர்க்கும் புலனாகும். இத்தனையும் முடிந்த பின்னரே இலக்குத் தாளை எடுக்க ஒருவர் முன்னே நடக்கலாம். முன்னே ஆள் நிற்கும்பொழுது பின்னே நிற்பவர் துவக்கைத் தொடவும் கூடாது.

விசையை இழுத்தும் ரவை வெடிக்காத சந்தர்ப்பங்கள் உண்டு. “என்ன ஆயிற்று?” என்று குழலைத் திருப்பிப் பார்ப்பதே மனித இயல்பு. அந்த இயல்பே ஆளைக் கொல்லும். சில வேளைகளில் மருந்து தாமதித்துப் பற்றிக்கொள்ளும். ஆதலால், குழலை இலக்கை நோக்கியபடியே அரை நிமிடமாவது பிடித்திருக்குமாறு கற்பிப்பர். அந்த அரை நிமிடம் பதற்றக்காரனின் தோளருகே அமைதியாக நின்று, “அப்படியே இரு” என்று சொல்வதற்கு ஒருவர் வேண்டும்.

ஜெப் கூப்பர் என்ற அமெரிக்கப் பயிற்றாசிரியர் வகுத்த நான்கு விதிகள் உலகெங்கும் சுடுகளங்களில் ஒப்பிக்கப்படுகின்றன. எந்தத் துவக்கையும் ரவை ஏற்றியதாகவே கொள்க. அழிக்க விரும்பாத எதனையும் குழல் நோக்கலாகாது. குறி பார்த்து முடியும்வரை விரல் விசையைத் தொடலாகாது. இலக்கையும் இலக்கின் பின்னுள்ளதையும் அறிந்துகொள்க. இவற்றுள் முதலாவதே நமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. “இப்பொழுதுதான் பார்த்தேன், ஒன்றுமில்லை” என்று ஒருவன் சத்தியம் செய்தாலும் அதை வாங்குபவன் மீண்டும் திறந்து பார்க்கவேண்டும். இது அவநம்பிக்கை அன்று. பானையை இறக்கும் தாய், ஆறிவிட்டது என்று அறிந்தும் துணி பிடித்தே இறக்குகின்றாள். அவ்வளவே.

நன்கு பயின்றவர்க்கு இத்தகைய மேற்பார்வை எதற்கு என்னலாம். 2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க வீரர் மத்தியூ எம்மன்ஸ், 50 மீற்றர் மூன்று நிலைப் போட்டியில் முன்னணியில் நின்றார். கடைசி ஒரு சூடு மட்டும் எஞ்சியிருந்தது. அவர் குறி பிசகவில்லை. ஆனால் சுட்டது பக்கத்து வீரரின் இலக்கை! கைக்கெட்டிய தங்கப் பதக்கம் போய், எட்டாம் இடத்துக்கு இறங்கினார். சில நாள்களுக்கு முன்னரே அதே ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர் அவர். அத்தகையவர்க்கும் ஒரு கணம் கண் தவறுமாயின், சனிக்கிழமை மட்டும் வந்து பழகுவோரைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

இவ்விளையாட்டோடு ‘தொண்டர்’ என்ற சொல் ஒட்டிக்கொண்டதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1859இல் பிரித்தானியாவில் தொண்டர் படைகள் திரட்டப்பட்டன. அவர்களுக்குச் சுடப் பழக்கவே தேசிய றைபிள் சங்கம் எழுந்தது. 1860இல் விம்பிள்டனில் நடந்த முதற் போட்டியை விக்ரோறியா மகாராணியார், தாங்கியில் பொருத்திய துவக்கொன்றின் பட்டுக் கயிற்றை இழுத்துத் தொடக்கி வைத்தார். இலண்டன் வளர்ந்து வீடுகள் நெருங்கி வந்தமையால் 1890இல் களத்தைப் பிஸ்லிக்கு மாற்ற நேர்ந்தது. மனிதர் நெருங்கினால் துவக்கு விலகவேண்டும் என்ற நியாயம் அன்றே ஒப்புக்கொள்ளப்பட்டது. இலங்கையிலும் 1881இல் தொண்டர் படை அமைந்தது. துவக்குச் சட்டம் 1916ஆம் ஆண்டிலிருந்தே நம் நாட்டில் உரிமமின்றித் துவக்கு வைத்திருத்தலைத் தடுக்கின்றது. 1994இல் விக்ரோறியா நகரில் நடந்த பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் மகளிர் இணை காற்றுத் துவக்குப் போட்டியில் இலங்கை தங்கம் வென்றது என்பதையும், சென்னையிற் பிறந்த ககன் நரங் 2012இல் இலண்டனில் வெண்கலம் பெற்றார் என்பதையும் மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

அன்னையாரின் மகன் செய்வது இன்னதென்று இப்பொழுது ஒருவாறு விளங்கியிருக்கும். கனடாவில் துவக்கு உரிமம் பெற விரும்புவோர் பாதுகாப்புப் பாடநெறி ஒன்றில் தேறவேண்டும் என்பது சட்டம். அத்தகையவரைக் களத்தில் மேற்பார்வை செய்ய அதற்கு மேலும் பயிற்சி வேண்டும். துவக்கைப் புகழ்வது நம் நோக்கம் அன்று. அதை வாங்கி வீட்டில் வைக்குமாறு எந்த மாணவனுக்கும் நாம் சொல்லமாட்டோம். ஆயினும் அம்மா, துவக்குகள் நிறைந்த ஓரிடத்திலே அவற்றைக் கீழே வைக்கச் சொல்லும் ஒரே மனிதனாக உம் மகன் நிற்கின்றான். நாம் கண்ட காலத்தில் அப்படிச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. அவனிடம் கேட்கவேண்டியது ஒன்று உண்டு. காதுக் கவசம் அணிகின்றானா? வெடியொலி 140 டெசிபல் அளவை எட்டும். நாள் முழுதும் நிற்பவன் காது மெல்ல மெல்லக் கெடும். வீடு திரும்பியதும் உண்ணுமுன் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுகின்றானா என்றும் கேளும். சுடுகளத்துத் தூசியில் ஈயம் உண்டு.

அக்கடிதத்தை வாசித்தபொழுது நம் நினைவு குறிகாட்டுவான் இறங்குதுறைக்கே சென்றது. நயினாதீவு நாகபூஷணி அம்மன் ஆலயத் திருவிழாக் காலத்தில் அத்துறையில் நின்றவர்க்கு நாம் சொல்வது விளங்கும். கைக்குழந்தையோடு பெண்கள், அர்ச்சனைப் பொருள்கள், தெற்கிலிருந்து விகாரைக்கு வரும் யாத்திரிகர், அவசரப்படும் இளைஞர். படகு ஒன்று அணைந்ததும் எல்லோரும் அதிலேயே ஏறவேண்டும்! உயிர்காப்பு அங்கியைக் கொடுத்தாலும் அதை மடியில் வைத்துக்கொண்டு, “இந்தச் சிறு தூரத்துக்கா?” என்று சிரிப்பவர் உண்டு.

சிறு தூரம் என்ற எண்ணமே ஆபத்து. 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணி நீர்நிலையைக் கடந்த இழுவைப் படகு கவிழ்ந்தது. பாலம் கட்டி முடியும்வரை அதுவே வழியாக இருந்தது. பாடசாலைப் பிள்ளைகள் உட்பட ஆறு பேருக்குக் குறையாதோர் மாண்டனர். அக்கரை கண்ணுக்குத் தெரியும் தூரமே அது. 2009ஆம் ஆண்டு செப்ரெம்பர் 30ஆம் நாள் கேரளத்துத் தேக்கடி ஏரியில் உல்லாசப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். காட்டு விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரே பக்கம் சாய்ந்ததாகச் செய்திகள் கூறின. மாணவர்கள் பௌதிகத்தில் கற்பதே இது. பாரம் மேலே ஏற ஏறப் படகின் புவியீர்ப்பு மையமும் மேலே ஏறும். கூரையில் பத்துப் பேர் நிற்கும் படகு, அடித்தட்டில் அதே பத்துப் பேர் அமர்ந்த படகைப் போல மீண்டும் நிமிராது. ஆனால் கவிழ்ந்துவிட்டாலோ, முதலில் அகப்படுவோர் அடித்தட்டில் அமர்ந்த பெண்களும் குழந்தைகளுமே.

துறைகளிலும் தொண்டர் உண்டு. சாரணப் பிள்ளைகள் வெயிலில் நின்று வழிகாட்டுவதையும் தண்ணீர் கொடுப்பதையும் நாம் கண்டிருக்கின்றோம். அவர்கள் கையில் இல்லாதது ஒன்றே. படகை நிறுத்தும் அதிகாரம். பதினேழு வயதுப் பிள்ளை, “ஐயா, இந்தப் படகு நிரம்பிவிட்டது, அடுத்ததில் வாருங்கள்” என்கின்றான். “தம்பி, நான் ஆர் தெரியுமோ? உன்ர கொப்பரைக் கேள்” என்று கூறி ஐயா காலை உள்ளே வைத்துவிடுகின்றார். பிள்ளை விலகி நிற்கின்றான். பெரியவரை எதிர்த்துப் பேசுவதில்லை என்று நாமேதான் அவனை வளர்த்தோம். சுடுகளத்திலே கழகத் தலைவரே சுட வந்தாலும், “நிறுத்து” என்ற சொல்லை எவர் கூறினும் அவர் நிறுத்தவேண்டும். ஆபத்தைக் கண்டால் நேற்றுச் சேர்ந்தவனும் அச்சொல்லைக் கூவலாம். வயதும் பதவியும் கோட்டுக்கு இப்பால் நின்றுவிடுகின்றன.

இதற்குப் பெருஞ்செலவு எதுவும் வேண்டியதில்லை. எத்தனை பேர் ஏறலாம் என்பது படகின் பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் பெரிய இலக்கத்தில் எழுதப்பட்டிருக்கட்டும். ஏறுவோரை ஒருவர் எண்ணட்டும். எண்ணிய தொகை நிறைந்ததும் ஓட்டி கயிற்றை அவிழ்க்குமுன் அவர் கையசைப்புக்குக் காத்திருக்கட்டும். ஆலய நிர்வாகத்தினரும் படகுச் சங்கத்தினரும் கூடி, திருவிழா தொடங்குமுன்னரே ஒலிபெருக்கியில், “துறையில் தொண்டர் சொல்வதே முடிவு, எங்களுக்கும் அதுவே” என்று ஒரு முறை அறிவிக்கட்டும். ஆனி மாதத் திருவிழா சோளகக் காற்றின் காலத்திலே வருவது. சோளகம் ஓங்கி வீசி, துறையோரத்தில் அலை படியேறும் நாளில் இரு கரையிலும் செங்கொடி ஒன்று ஏறவேண்டும். அதை இறக்கும் நேரத்தைத் தீர்மானிக்கும் அதிகாரமும், காற்றின் குணமறிந்த முதிய படகோட்டி ஒருவரோடு சேர்த்து, அப்பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும்.