இயந்திரத்தை நிறுத்தினால் நஷ்டமா?

உற்பத்தி பெருக வேண்டுமென்றால் இயந்திரங்கள் இடைவிடாமல் ஓட வேண்டும் என்று பலர் நினைக்கின்றனர். பாதுகாப்பு விதிகள் வேலையைத் தாமதப்படுத்துவதாக முணுமுணுக்கும் மேற்பார்வையாளர்களும் இருக்கிறார்கள். இந்த எண்ணம் தவறானது.

ஜப்பானின் டொயோட்டா கார் தொழிற்சாலைகளில், கார்களைப் பொருத்தும் வரிசையின் ஓரமாக ஒரு கயிறு கட்டப்பட்டிருந்தது. திருகாணி ஒன்று சரியாகப் பொருந்தாவிட்டாலும் ஊழியர் அக்கயிற்றை இழுக்கலாம். உடனே விளக்கு எரியும். குழுத் தலைவர் விரைந்து வருவார். குறித்த நேரத்திற்குள் சிக்கல் தீராவிட்டால் வரிசை நின்றுவிடும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இந்தப் பழக்கத்தின் வேர் நெசவுத்தறியில் இருக்கிறது. கார் நிறுவனம் தோன்றுவதற்கு முன்பே, நூல் அறுந்தால் தானாக நின்றுவிடும் தறியைச் சகிச்சி டொயோடா உருவாக்கியிருந்தார். நூலறுந்த துணியை யார் வாங்குவார்?

ஆளாளுக்கு நிறுத்தினால் வேலையை எப்போது முடிப்பது என்று சிலர் கேட்கலாம். தொடக்கத்தில் வரிசை அடிக்கடி நிற்கும் என்பது உண்மைதான். ஆனால், ஒவ்வொரு முறையும் காரணத்தைக் கண்டறிந்து களைந்தால், அதே பழுது மீண்டும் தலைகாட்டாது. முடிந்த காரைப் பிரித்துச் சரிசெய்வதைவிட அது மலிவானது.

பழுதைக் கண்டும் இயந்திரத்தை ஓட்டினால் என்ன ஆகும் என்பதைச் சிங்கப்பூர் அறியும். 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள், துவாஸிலுள்ள ஒரு தொழிற்கூடத்தில் கலவை இயந்திரம் வெடித்தது. மூன்று ஊழியர்கள் மாண்டனர். ஏழு பேர் காயமடைந்தனர். அந்த இயந்திரத்தில் முன்பே எண்ணெய் கசிந்ததும், கசிவைப் பற்றவைத்து அடைத்துவிட்டு வேலை தொடர்ந்ததும் விசாரணையில் தெரியவந்தன. அங்கே பயன்படுத்தப்பட்ட பொருள்களில் ஒன்று உருளைக்கிழங்கு மாவு. சமையலறையில் சாதுவாகக் கிடக்கும் மாவு, காற்றில் தூசியாகப் பறந்தால் நொடியில் தீப்பிடிக்கும்.

சட்டம் இருந்தால் மட்டும் போதாது. முகவருக்குக் கட்டக் கடன் வாங்கிக் கடல் கடந்து வந்த ஊழியர், "இயந்திரத்தில் ஏதோ கோளாறு, நிறுத்துங்கள்" என்று சொல்லத் தயங்குவார். வேலை போய்விடுமோ என்ற அச்சம் அவர் வாயைக் கட்டிவிடும். அந்த அச்சத்தைப் போக்குவது முதலாளிகளின் பொறுப்பு. எச்சரிக்கைப் பலகைகள் ஊழியர் படிக்கக்கூடிய மொழியில் இருக்க வேண்டும். அது தமிழாகவும் இருக்கலாம், வங்காளமாகவும் இருக்கலாம். இயந்திரம் நின்ற நேரத்திற்காகச் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது. மேற்பார்வையாளரின் திறமையை அளக்கும்போது, எத்தனை பொருள்கள் செய்யப்பட்டன என்பதோடு, எத்தனை பழுதுகள் அவரிடம் தெரிவிக்கப்பட்டுச் சரிசெய்யப்பட்டன என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.