குதிரை வழியில் ஸைக்கிள்

இங்கிலாந்தின் தெற்குக் கோடியில், கடற்கரையை ஒட்டினாற்போல், "ஸௌத் டவுன்ஸ்" என்றொரு குன்றுத் தொடர் இருக்கிறது. "டவுன்" என்றால் கீழே என்றுதானே பாலபாடத்தில் படித்தோம், மேட்டுக்கு ஏன் அந்தப் பெயர் என்று பூகோள வகுப்பில் வருஷந்தோறும் யாராவது ஒரு பையன் எழுந்து கேட்கிறான். நல்ல கேள்விதான். குன்று என்னும் பொருளுடைய புராதனச் சொல் ஒன்று தேய்ந்து இந்த உருவத்தில் நிற்கிறது. "குன்றிலிருந்து" என்று ஆங்கிலேயர் சொல்லிச் சொல்லி, அச்சொல்லே நாளடைவில் இறக்கத்துக்குப் பெயராகிவிட்டது.

சிகரம் என்று சொல்லத்தக்கது அங்கே ஒன்றும் இல்லை. பட்ஸர் குன்று 270 மீட்டர், டிச்லிங் குன்று 248 மீட்டர், அவ்வளவுதான். படுத்திருக்கும் பசுவின் முதுகைப்போல் மேடுகள் வளைந்து வளைந்து செல்கின்றன. பல நூற்றாண்டுகளாக ஆட்டு மந்தைகள் மேய்ந்து மேய்ந்து, புல்லைக் கத்தரித்தாற்போல் வைத்திருக்கின்றன. புல்லுக்கு அடியில் மெல்லிய மண். மண்ணுக்கு அடியில் வெண்மையான சுண்ணாம்புப் பாறை. கரும்பலகையில் எழுதும் துண்டுக்குச் சீமைச் சுண்ணாம்பு என்று நம் முன்னோர் பேர் வைத்தது வீண்போகவில்லை. சீமையில் அது மலையாகவே கிடக்கிறது. அதன் நடுவே சிக்கிமுக்கிக் கற்கள் வேறு. உடைந்த சிக்கிமுக்கி கத்தி விளிம்பு போன்றது. ஸைக்கிள் டயருக்கு அதைவிடப் பெரிய சத்துரு இல்லை. மழை பெய்துவிட்டாலோ, சுண்ணாம்புப் பாறை சோப்புத் தேய்த்த தரைபோல் வழுக்கும்.

இந்த மேட்டின் முதுகோடு வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை 160 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு வழி செல்கிறது. 1972-ல் தேசிய நெடுவழியாக இது திறக்கப்பட்டபோது இவ்வளவு நீளம் இல்லை. வின்செஸ்டர் வரை நீட்டியது பிற்பாடு. மியான், ஆரன், அடுர், ஊஸ், கக்மியர் என்று ஆறுகள் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடுவதால், ஒவ்வோர் ஆற்றுக்கும் இறங்கி மறுபடி ஏறவேண்டும். ஏறும் ஏற்றங்களையெல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 4000 மீட்டர் தேறும். சாதாரண மனிதர்கள் இதை மூன்று நாளில் ஸைக்கிளில் கடக்கிறார்கள். திடகாத்திரர்கள் ஒரே நாளில் முடிக்கிறார்கள். போய்த் திரும்பி 320 கிலோமீட்டரையும் 24 மணி நேரத்துக்குள் முடிப்பவர்களும் உண்டு. அவர்களைக் கண்டு வியக்கலாம். பின்பற்றும்படி யாருக்கும் நான் யோசனை கூற மாட்டேன்.

மலைச் ஸைக்கிள் என்று இப்போது நாம் அறிந்திருக்கும் வாகனம் அமெரிக்காவில் பிறந்தது. 1970-க்குப் பிந்திய வருஷங்களில் காலிபோர்னியாவில் சில இளைஞர்கள், தடித்த டயர் போட்ட பழைய ஸைக்கிள்களைக் குன்றின் மேலே கொண்டுபோய், மண்பாதையில் தலைதெறிக்க இறங்கினார்கள். அதிலிருந்துதான் அகன்ற டயரும் பல கியர்களும் உறுதியான பிரேக்கும் கொண்ட புது வண்டி உருவாயிற்று. ஆனால் ரஸ்தாவை விட்டு விலகிப் போகும் பைத்தியம் இங்கிலாந்தில் அதற்கு முன்பே உண்டு. கரடுமுரடான பாதையில் ஸைக்கிளில் செல்வோருக்கென்றே 1955-ல் லெம்ஸ்டர் என்ற ஊரில் ஒரு சங்கம் ஸ்தாபித்தார்கள். சாதாரண வண்டியைத் தள்ளியும் தோளில் சுமந்தும் மலை தாண்டினவர்கள் அவர்கள்.

வண்டி கிடக்கட்டும். எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வழி. இந்தக் குன்றுகள் சர்க்கார் சொத்தல்ல. பெரும்பாலும் தனிப்பட்டவர்களுடைய பண்ணைகள். அப்படியிருக்க, யாரோ ஒருவருடைய கோதுமை வயலின் ஓரமாக ஒரு மாணவனோ தபால்காரனோ ஸைக்கிளில் போகிறான். சொந்தக்காரர் அவனை நிறுத்த முடியாது. நிலம் அவருடையது, வழி ஊராருடையது. ஒருமுறை பொதுவழியானது என்றைக்கும் பொதுவழியே என்பது அந்நாட்டு நியாயஸ்தலங்களின் பழைய கொள்கை. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் பார்லிமெண்ட் ஆயிரக்கணக்கான சட்டங்கள் செய்து, கிராமத்தாரின் பொதுநிலங்களை வேலியிட்டுத் தனியாருக்குக் கொடுத்துவிட்டது. மேய்ச்சல் போயிற்று, விறகு போயிற்று. மந்தை ஓட்டிய வழிகளில் ஒரு பகுதி மட்டும் தப்பிப் பிழைத்தது. அதன்மேல்தான் இன்று ஸைக்கிள் ஓடுகிறது.

அந்த வழிகளில் ஜாதி வித்தியாசம் உண்டு. நடப்பவருக்கு மட்டும் ஆனது ஒற்றையடிப் பாதை. குதிரையில் செல்வோருக்கும் ஆனதைப் "பிரைடில்வே" என்பார்கள். நாம் குதிரை வழி என்போம். 1968-ம் வருஷத்துக் கிராமாந்தரச் சட்டத்தில் ஒரு சிறு பிரிவைச் சேர்த்து, குதிரை வழியில் ஸைக்கிளும் செல்லலாம் என்றார்கள். அதோடு இரண்டு நிபந்தனைகள். நடப்பவருக்கும் குதிரைக்காரருக்கும் ஸைக்கிள்காரர் ஒதுங்கி வழிவிடவேண்டும் என்பது ஒன்று. ஸைக்கிளுக்காக வழியைச் செப்பனிட அதிகாரிகளுக்குக் கடமை இல்லை என்பது மற்றொன்று. போகலாம், பள்ளத்தில் விழுந்தால் உன் பாடு! மலைச் ஸைக்கிள் உலகத்தில் தோன்றுமுன்பே எழுதிவைத்த இந்த ஒரு பிரிவின் பலத்தில்தான் ஆங்கிலக் குன்றுகளில் அந்த விளையாட்டு பெரும்பாலும் நடக்கிறது.

ஆனால் கணக்குப் பார்த்தால் பங்கு சிறிது. இங்கிலாந்தில் உள்ள பொதுவழிகளில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் ஸைக்கிளுக்குத் திறந்திருக்கிறது. எது எந்த வகை என்பதை நிர்ணயித்த விதம் வேடிக்கையானது. 1949-ம் வருஷத்துச் சட்டப்படி வழிகளையெல்லாம் படத்தில் பதிவு செய்ய உத்தரவாயிற்று. பாரிஷ் என்னும் சிறு கிராமப் பிரிவுகள்தோறும் பட்டியல் எடுத்தார்கள். ஒரு பாரிஷில் விவரமறிந்த மனிதர் இருந்தார். மந்தையும் குதிரையும் போன வழியென்று சரியாக எழுதினார். அடுத்த பாரிஷில் யாருக்கோ அலுப்பு. நடைபாதை என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். இதன் பலனாக, குதிரை வழி ஒன்று வயல் நடுவே பாரிஷ் எல்லையைத் தொட்டதும் திடீரென்று நடைபாதையாக மாறிவிடுகிற இடங்கள் இன்றும் உண்டு. அதே மண், அதே வேலி. ஆனால் எல்லைக்கு அப்பால் ஸைக்கிளில் ஏறிப் போனால் நிலச் சொந்தக்காரருக்கு இழைத்த அத்துமீறலாகும். அந்நாட்டு ஸர்வே படத்தை விரித்துப் பார்த்தால், குதிரை வழியைக் குறிக்கும் நீண்ட பச்சைக் கோடுகள் குறுங்கோடுகளாக மாறும் இடத்தைக் கண்ணால் காணலாம். எழுதினவர் கையிலா ஊராருடைய பாத்தியதை இருக்கவேண்டும் என்று கேட்கத் தோன்றுகிறது.

பதிவாகாமல் விட்டுப்போன பழைய வழிகளின் கதி இன்னும் மோசமாக இருந்தது. 2026-க்குள் பதிவு செய்யாவிட்டால் அழிந்தன என்று 2000-ம் வருஷத்துச் சட்டம் கெடு விதித்தது. பழைய படங்களையும் தஸ்தாவேஜுகளையும் புரட்டி ஆதாரம் தேடும் வேலையைத் தொண்டர்களே செய்துவந்தார்கள். பிறகு கெடுவை 2031 வரை நீட்டினார்கள். 2024 டிசம்பரில், கெடுவையே ரத்துச் செய்யப்போவதாக சர்க்கார் அறிவித்தது. இதே 2000-ம் வருஷத்துச் சட்டம்தான் மேட்டுநிலங்களிலும் பொதுநிலங்களிலும் ஜனங்கள் இஷ்டம்போல் உலாவ உரிமை தந்தது. ஆனால் கால்நடையாக மட்டுமே. எல்லை தாண்டி ஸ்காட்லாந்துக்குப் போனால், 2003-ம் வருஷத்துச் சட்டப்படி, பொறுப்புடன் நடந்துகொள்ளும் ஸைக்கிள்காரர் அநேகமாக எங்கும் போகலாம்.

லண்டனுக்குத் தென்மேற்கே ஸர்ரே குன்றுகளில் பீஸ்லேக் என்ற கிராமத்தைச் சுற்றி மலைச் ஸைக்கிள்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மொய்க்கிறார்கள். குதிரை வழிகளோடு, மரங்களுக்கிடையே வளைந்து செல்லும் குறுகிய தடங்களும் அங்கே பிரசித்தம். அத்தகைய தடங்கள் சொந்தக்காரரின் சம்மதத்தால் இருப்பவை. அவர் மனம் மாறினால் மூடிவிடலாம். இப்படித் தயவால் கிடைத்தது உரிமையாகிவிடக் கூடாதென்று, தம் நிலத்துப் பாதையை வருஷத்தில் ஒரு நாள் பூட்டிவைக்கும் வழக்கமும் அந்நாட்டில் உண்டு. காரணம், தடையின்றி இருபது வருஷம் ஜனங்கள் நடந்துவிட்டால் அது பொதுவழியே என்று சட்டம் அனுமானிக்கும்!

நடப்பவர்கள் ஸைக்கிளின்மேல் சொல்லும் புகாரையும் தள்ளிவிட முடியாது. பின்னாலிருந்து சப்தமின்றி ஒரு வண்டி பாய்ந்து வந்தால் யாருக்குத்தான் திகில் இராது? மூவாயிரம் பவுன் கொடுத்து வண்டி வாங்குகிறவர்கள், ஐந்து பவுன் மணியை மாட்ட வெட்கப்படுகிறார்கள். மழைக்காலத்தில் சேற்றை உழுதுவிட்டுப் போகிறவர்களுக்காகவும் நான் வாதாட வரவில்லை.

அங்கே படிக்கச் சென்றிருக்கும் நம் பிள்ளைகளில் யாருக்கேனும் இந்த நெடுவழியில் போக ஆசை இருந்தால், மேற்கிலிருந்து கிழக்கே போவது உத்தமம். காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுவதால் முதுகைத் தள்ளிக்கொடுக்கும். சுண்ணாம்புப் பாறை நீரை உறிஞ்சிவிடுவதால் மேட்டில் ஓடையோ ஊற்றோ இராது. குழாய் இருக்கும் இடங்களை முன்பே குறித்துக்கொள்ளவேண்டும். நீல அம்பு குதிரை வழி. மஞ்சள் அம்பு நடைபாதை. ஆல்பிரிஸ்டன் கிராமத்தில் வழி இரண்டாகப் பிரிகிறது. "ஏழு சகோதரிகள்" என்று படங்களில் நாம் பார்க்கும் வெண்மையான கடற்பாறைகளின் மேலே செல்லும் கிளைக்கு மஞ்சள் அம்பு. ஸைக்கிள்காரர் அந்தக் காட்சிக்கு முதுகைக் காட்டிவிட்டு, ஜெவிங்டன் வழியாக உள்நாட்டுக் குன்றேறித்தான் ஈஸ்ட்போர்னுக்கு இறங்கவேண்டும்.